டங்கல் எதிர்ப்பிலிருந்து சோளக் குதிர் வரை

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “உலகமயமாக்கலை எதிர்க்கும் அமைப்புகள் உண்மையில் எதைத்தான் எதிர்க்கின்றன? எங்கள் ஊரே ஏற்றுமதியில்தான் சாப்பிடுகிறது. உள்ளூர் மாற்று என்கிறார்களே, அது எங்காவது நடந்திருக்கிறதா, இல்லை மேடைப் பேச்சோடு சரியா? இப்போது டிரம்பே இறக்குமதிக்கு வரி போடுகிறார். அப்படியானால் அவரும் இவர்களும் ஒரே கட்சியா?”

நியாயமான கேள்வி. இந்த அமைப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று கொடி பிடிப்பார்கள், இல்லையென்றால் கேலி செய்வார்கள். எனக்கு இவர்கள் மேல் மரியாதை உண்டு, சில விஷயங்களில் வருத்தமும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டோடு வியாபாரம் செய்யக் கூடாது என்று இவர்களில் பெரும்பாலோர் சொன்னதில்லை. மிளகு கொடுத்துப் பொன் வாங்கிய கடற்கரைக்காரர்களிடம் அப்படிச் சொன்னால் எடுபடவும் எடுபடாது. தகராறு 1991 டிசம்பரில் வந்த ஒரு வரைவில் தொடங்குகிறது. உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான காட் அமைப்பின் தலைமை இயக்குநராக இருந்த ஆர்தர் டங்கல், ஐந்து வருடமாக இழுத்துக்கொண்டிருந்த பேச்சுவார்த்தையை முடிப்பதற்காக எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி மேஜையில் வைத்தார். ‘டங்கல் திட்டம்’ என்று அன்றைக்குச் சுவரெழுத்தில் பார்த்தோமே, அதுதான். அதுவரை காட் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆலைப் பொருட்களின் சுங்க வரியைப் பற்றியது. டங்கல் வரைவு விவசாயத்தையும், வங்கி, காப்பீடு போன்ற சேவைகளையும், காப்புரிமையையும் சேர்த்து உள்ளே இழுத்தது. எடுத்தால் முழு மூட்டையையும் எடு, இல்லாவிட்டால் வெளியே நில் என்பது நிபந்தனை. 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு அதன்படி நடைமுறைக்கு வந்தது.

இந்த ஏற்பாட்டுக்குப் பல் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். ஹார்மோன் ஊசி போட்டு வளர்த்த மாட்டின் இறைச்சி தங்களுக்கு வேண்டாம் என்று ஐரோப்பா தடை செய்திருந்தது. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது. விதிப்படி, ஜெயித்த நாடு சம்பந்தமே இல்லாத வேறு பொருட்கள் மீது பதிலடி வரி போடலாம். 1999இல் அமெரிக்கா 100 சதவீத வரி போட்ட பொருட்களில் ஒன்று ரோக்ஃபோர் என்ற பாலாடைக்கட்டி. தெற்கு பிரான்சில் லார்சாக் மேட்டு நிலத்துச் செம்மறி ஆடு வளர்ப்பவர்களின் பிழைப்பு அது. எங்கோ ஒரு மாட்டு ஊசி வழக்குக்கு இவர்கள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? அந்த ஆகஸ்ட் 12 அன்று ஜோசே போவே என்ற ஆட்டுக்காரரும் கான்ஃபெடரேஷன் பேஸான் விவசாய சங்கத்தாரும் மில்லோ என்ற சிற்றூரில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைக் கழற்றி, பாகங்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். போவே ஜெயிலுக்குப் போனார், உலகப் புகழ் பெற்றார், பிற்பாடு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

இங்கே கவனிக்க வேண்டியது, ரோக்ஃபோர் ஏற்றுமதிப் பொருள். அந்த ஆட்டுக்காரர்கள் உங்கள் ஊர்க்காரர்களைப் போலவே வெளிநாட்டுக்கு விற்றுச் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் கோபம் விற்பதன் மேல் இல்லை. தங்கள் ஊரில் என்ன சாப்பிடுவது என்று தாங்கள் எடுத்த முடிவை, தாங்கள் ஓட்டுப் போடாத ஓர் இடத்தில் யாரோ ரத்து செய்கிறார்கள், அதற்கான அபராதத்தைத் தங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பதில்தான். அதே வருடம் நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பல்லாயிரக்கணக்கானவர்கள் தெருவை மறித்து வர்த்தக மாநாட்டின் தொடக்கத்தையே குலைத்தபோது, ‘உலகமயமாக்கல் எதிர்ப்பு இயக்கம்’ என்ற பெயர் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. சியாட்டிலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் அங்கே நிற்கப் போவதில்லை. அதற்கு ஏழு வருடம் முன்பே பெங்களூரில் இது தொடங்கிவிட்டது.

1980இல் வட கர்நாடகத்தில் நரகுந்து, நவல்குந்து பகுதியில் விவசாயிகள் மீது போலீஸ் சுட்டது. அந்தக் கொதிப்பில் பிறந்தது கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம். தோளில் பச்சைத் துண்டு, தலைவர் சட்டப் பேராசிரியர் நஞ்சுண்டசாமி. ஆரம்பத்தில் தண்ணீர் வரி, கடன் ஜப்தி, விளைபொருள் விலை என்று எல்லா விவசாய சங்கத்தையும் போலத்தான் இருந்தது. அனுமதி இல்லாமல் அதிகாரிகள் ஊருக்குள் வரக் கூடாது என்று கிராம எல்லையில் போர்டு வைத்ததில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். டங்கல் வரைவு வந்ததும் நஞ்சுண்டசாமி அதை ஒரு சட்டக்காரரின் கண்ணோடு படித்தார். விதைக்குக் காப்புரிமை என்றால் விளைச்சலில் ஒரு படி எடுத்து வைத்து அடுத்த போகத்துக்கு விதைப்பதே குற்றமாகலாம் என்பதை அவர் கன்னடத்தில், தேநீர்க் கடையில் புரிகிற மாதிரி சொன்னார். அவருடைய பெரிய திறமை அதுதான் என்று நினைக்கிறேன்.

1992 டிசம்பரில் சங்கத்தார் பெங்களூரில் கார்கில் விதை நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் புகுந்து கோப்புகளை அள்ளித் தெருவில் போட்டு எரித்தார்கள். 1993 ஜூலையில் பெல்லாரியில் அதே நிறுவனம் எழுப்பிக்கொண்டிருந்த விதை ஆலையை இடித்தார்கள். 1996 ஜனவரியில் பெங்களூரின் கேஎஃப்சி கடை. 1998 நவம்பரில் ராய்ச்சூர்ப் பக்கம் மான்சான்டோ என்ற அமெரிக்க விதைக் கம்பெனியின் பிடி பருத்தி, அதாவது காய்ப்புழுவைக் கொல்லும்படி மரபணு மாற்றிய பருத்தி, சோதனை வயல்களைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். உயிரில்லாத பொருளை உடைப்பது வன்முறை ஆகாது என்பது நஞ்சுண்டசாமியின் வாதம். காந்தியின் பெயரையே இதற்கும் சொன்னார். காந்தி ஒப்புக்கொண்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சரி, பலன் என்ன? பருத்தியில் தோற்றார்கள். 2002இல் மத்திய அரசு பிடி பருத்திக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த பத்து, பன்னிரண்டு வருடத்தில் நாட்டின் பருத்தி நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுதான். நீங்கள் தைத்து அனுப்பும் பனியன் நூலின் பெரும்பகுதி அந்தப் பருத்தியில் வந்ததாகவே இருக்கும். ஆனால் பிடி கத்தரிக்காய் வந்தபோது கதை மாறியது. பல நகரங்களில் பொது விசாரணை நடந்து, கூச்சல் குழப்பம் எல்லாம் ஆகி, 2010 பிப்ரவரியில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். இன்றுவரை இந்தியாவில் அது வரவில்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சாப்பிடும் பொருள் என்பது ஒன்று, மாநில அரசுகள் எதிர்த்தது இன்னொன்று. என் கணிப்பில் இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. பருத்திக்காரர் காய்ப்புழுவுக்கு மருந்தடித்து மருந்தடித்துக் கடனாளி ஆகியிருந்தார். கலப்பின விதையைக் கடையில் வாங்கும் பழக்கமும் அவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. ‘அந்த விதை வேண்டாம்’ என்று சொன்ன சங்கத்திடம், ‘அப்போ எதை விதைக்க?’ என்ற கேள்விக்குக் கைநிறைய எடுத்துக் கொடுக்கப் பதில் விதை இல்லை. கத்தரியில் அப்படி இல்லை. உடுப்பிக்காரர்களுக்கு மட்டு குள்ளா, வேலூர்க்காரர்களுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரி என்று ஊருக்கு ஒரு கத்தரி உயிரோடு இருந்தது. ஊர்க்காரர் கையில் காப்பாற்ற ஏதோ இருந்தது.

விவசாயிகள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். பக்கத்து மகாராஷ்டிரத்தில் ஷேத்கரி சங்கடனா என்ற பெரிய விவசாய இயக்கத்தை நடத்திய சரத் ஜோஷி, டங்கல் வரைவை வெளிப்படையாக ஆதரித்தார். இந்திய அரசுதான் ஏற்றுமதித் தடை, கட்டாயக் கொள்முதல், செயற்கையாகக் குறைத்த விலை என்று விவசாயியின் கழுத்தில் காலை வைத்திருக்கிறது, சந்தை திறந்தால் மூச்சு விடலாம் என்பது அவர் கட்சி. வெங்காய ஏற்றுமதிக்குத் திடீர் திடீரென்று தடை விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொன்னதில் பாதியாவது உண்மை என்று தோன்றும். மீதிப் பாதிக்கு எண்ணெய் வித்துக்களைப் பாருங்கள். 90களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் நாம் கிட்டத்தட்டத் தன்னிறைவு பெற்றிருந்தோம். 1994இல் பாமாயில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். இப்போது தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது, அதில் பெரும்பங்கு இந்தோனேசிய, மலேசியப் பாமாயில். ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுங்கள் என்று தமிழ்நாட்டு விவசாயிகள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மலேசியா என்றதும் பினாங்கு ஞாபகம் வருகிறது. இந்த இயக்கத்தின் மூளை எங்கே இருந்தது என்று கேட்டால் நான் பாரிஸையோ சியாட்டிலையோ சொல்ல மாட்டேன். பினாங்கைச் சொல்வேன். அங்கே 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல பத்தாண்டுகள் தலைமையேற்று நடத்தியவர் எஸ். எம். முகமது இத்ரிஸ். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ் முஸ்லிம் வணிகர். 2019 மே மாதம் 92 வயதில் காலமானார். எடை குறைவு, கலப்படம், விலை என்று வீட்டுக்காரம்மாக்கள் கொண்டுவந்த புகாரில் தொடங்கிய சங்கம் அது. பிறகு கோலா ஜூரு என்ற மீனவ ஊரில் ஆலைக் கழிவால் மீன் செத்தபோது அந்த மீனவர்களோடு போய் நின்றது. ஊர்க்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து சிப்பி வளர்ப்பில் இறங்கினார்கள். புகார் மனுவும் மாற்றுப் பிழைப்பும் ஒரே இடத்தில் சேர்ந்தது இப்படித்தான்.

1984இல் இந்தச் சங்கம் கூட்டிய மாநாட்டின் முடிவில் மூன்றாம் உலக வலையமைப்பு உருவானது. அதை நெடுங்காலம் நடத்திய மார்ட்டின் கோர் பினாங்குக்காரர், கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படித்தவர். ஜெனீவாவிலிருந்து சக்ரவர்த்தி ராகவன் என்ற மூத்த இந்தியப் பத்திரிகையாளர் பேச்சுவார்த்தையின் ஒவ்வொரு திருப்பத்தையும் நாள்தோறும் செய்தித்தாளாக்கினார். இது ஏன் முக்கியம் தெரியுமா? உலக வர்த்தக அமைப்பில் ஒரே நாளில் பல அறைகளில் பல கூட்டங்கள் நடக்கும். பெரிய நாடுகளுக்கு ஒவ்வொரு அறைக்கும் ஒரு வக்கீல் படை. சின்ன ஆப்பிரிக்க நாட்டுக்கு மொத்தமே ஓரிரண்டு அதிகாரிகள்தான். எந்த அறையில் எந்த வரி எழுதப்படுகிறது, அதில் கையெழுத்துப் போட்டால் தன் நாட்டில் எது மாறும் என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த வேலையைப் பினாங்குக்காரர்கள் செய்தார்கள். தெருவில் கண்ணீர்ப்புகை வாங்கியவர்களின் புகைப்படம் நமக்குத் தெரியும், அடிக்குறிப்பு படித்தவர்களின் முகம் தெரியாது.

1996 சிங்கப்பூர் மாநாட்டில் பணக்கார நாடுகள் நான்கு புது விஷயங்களைக் கொண்டுவந்தன. அதில் ஒன்று அரசாங்கக் கொள்முதல். முதலில் ‘வெளிப்படைத்தன்மை’ என்றுதான் ஆரம்பித்தார்கள். அடுத்த படி சந்தையைத் திறப்பதாகத்தான் இருக்கும் என்று பினாங்குக் குழுவும் மற்றவர்களும் எச்சரித்தார்கள். நம் ஊருக்கு இதை மொழிபெயர்த்துப் பாருங்கள். பொங்கலுக்குக் கொடுக்கும் இலவச வேட்டி சேலையைத் தமிழ்நாட்டு அரசு நெசவாளர் கூட்டுறவு சங்கங்களிடமிருந்து வாங்குகிறது. இந்த மாதிரி ‘எங்கள் ஊர் நெசவாளருக்குத்தான் ஆர்டர்’ என்று ஒரு அரசாங்கம் சொல்லும் உரிமை பற்றிய பேச்சு அது. 2003 செப்டம்பரில் மெக்சிகோவின் கான்குன் மாநாட்டில் ஏழை நாடுகள் ஒத்துக்கொள்ளாமல் எழுந்து போயின. 2004இல் கொள்முதல் உட்பட மூன்று விஷயங்கள் பேச்சுவார்த்தைப் பட்டியலிலிருந்து கைவிடப்பட்டன. பெரிய வெற்றிதான், ஆனால் கொண்டாட ஒரு கட்டடமோ கொடியோ கிடையாது. நடக்காமல் போன ஒன்றை எப்படிப் படம் எடுப்பது? அதே கான்குனில் செப்டம்பர் 10 அன்று லீ கியுங் ஹே என்ற கொரிய விவசாயி, வர்த்தக அமைப்பு விவசாயிகளைக் கொல்கிறது என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி வேலி மேல் ஏறித் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மலிவு இறக்குமதியால் நொடித்துப் போனவர் அவர்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மாற்று எங்காவது நடந்ததா? நடந்தது. எனக்குத் தெரிந்ததில் மிக உறுதியானது ஐதராபாத்திலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், ஜஹீராபாத் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. 1983இல் பி. வி. சதீஷும் நண்பர்களும் தொடங்கிய தக்காண வளர்ச்சி சங்கம். அதன் உயிர் ஊர் ஊராக இருக்கும் பெண்கள் சங்கங்கள், பெரும்பாலும் தலித் பெண்கள். அவர்களிடம் இருந்தது ஒன்றிரண்டு ஏக்கர் கல்லாங்குத்து நிலம். அரசு கொடுத்த தரிசு. அதில் சோளம், தினை, துவரை, கொள்ளு என்று கலந்து விதைத்த பழக்கம் அழிந்துகொண்டிருந்தது.

எது அழித்தது என்பதுதான் விஷயம். வெளிநாட்டுக் கம்பெனி இல்லை. என். டி. ராமராவ் 1983இல் கொண்டுவந்த கிலோ 2 ரூபாய் அரிசி. ரேஷனில் அரிசி அந்த விலைக்குக் கிடைக்கும்போது எவர் வெயிலில் நின்று சோளம் விதைப்பார்? பசி நீங்கியது, அது பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். கூடவே நிலம் தரிசாய்ப் போனது, நிலத்தில் இருந்த கூலி போனது, மாட்டுக்குத் தட்டை போனது. லடாக்கில் 1975 முதல் வேலை செய்த, உள்ளூர்ப் பொருளாதாரத்துக்காகப் பேசும் ஹெலெனா நார்பெர்க்-ஹாட்ஜ் திரும்பத் திரும்பச் சொல்லும் உதாரணமும் இதே ஜாதிதான்: இமயமலையைத் தாண்டி லாரியில் வரும் வெண்ணெய், பக்கத்துப் பண்ணையின் வெண்ணெயை விட லே கடைத்தெருவில் மலிவு. சாலைக்கும் டீசலுக்கும் மானியத்தை எங்கிருந்தோ யாரோ கொடுத்திருப்பதால்தான் தூரத்துப் பொருள் மலிவாகத் தெரிகிறது என்பது அவர் வாதம்.

ஜஹீராபாத் பெண்கள் 90களின் நடுவில் தங்களுக்கென்று ஒரு ரேஷன் கடையையே உண்டாக்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் தரிசு வைத்திருந்த சிறு விவசாயிகளுக்கு உழவு, எரு, விதை, களையெடுப்புச் செலவுக்குக் கடன். கடனைப் பணமாகத் திருப்ப வேண்டாம். ஐந்து வருடத்தில் தவணையாகச் சோளமாகக் கொடு. அந்தச் சோளம் ஊர்க் குதிரில் சேரும். வேலையில்லாத மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு மலிவு விலையில் போகும். யார் ஏழை என்று தாசில்தார் எழுதிய பட்டியலை அவர்கள் ஏற்கவில்லை. தெருவில் ஊரின் வரைபடம் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு அடையாளம் வைத்து, இந்த வீட்டில் யார் சம்பாதிக்கிறார், யார் சீக்கில் கிடக்கிறார் என்று எல்லோர் முன்னாலும் பேசி முடிவெடுத்தார்கள். அதிகாரி எழுதும் வறுமைக்கோட்டை விட இது துல்லியம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஊரில் யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும்.

அப்புறம் விதை வங்கி. வாங்கியவர் அடுத்த அறுவடையில் கூடுதலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாட்டு வண்டிகளில் விதைகளை ஏற்றி ஒவ்வொரு வருடமும் ஊர் ஊராகத் திருவிழா. 2008இல் மாச்சனூரில் சங்கம் ரேடியோ என்ற சமுதாய வானொலியை நடத்தத் தொடங்கினார்கள், மைக்கில் பேசுவதும் அதே பெண்கள். சதீஷின் ஆட்கள் சேர்ந்து அமைத்த சிறுதானியக் கூட்டமைப்பும் மற்றவர்களும் விடாமல் அரித்ததில், 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையோடு சிறுதானியமும் கிலோ 1 ரூபாய்க்கு என்று எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் 2023இல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதும் அந்த வழியில் வந்ததுதான். அதே 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. அந்த மார்ச் மாதத்தில் சதீஷ் காலமானார்.

இங்கேதான் என் வருத்தத்தைச் சொல்ல வேண்டும். ‘உள்ளூர் மாற்று’ என்று இன்று நகரத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கண்ணாடிப் புட்டியில் இருக்கிறது. மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, மாப்பிள்ளைச் சம்பா அவல். தரம் நன்றாகத்தான் இருக்கிறது. நானும் வாங்குகிறேன். ஆனால் அந்தக் கடலை எண்ணெயின் விலையில் என் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவால் வாங்க முடியாது, அவருக்கு ரேஷன் பாமாயில்தான். ஜஹீராபாத் சங்கம் முதலில் கேட்ட கேள்வி ‘இந்தச் சோளம் ஏழை வீட்டுக்கு எப்படிப் போகும்’ என்பது. நம் இயற்கை அங்காடிகளில் பல முதலில் கேட்பது ‘லேபிள் எப்படி இருக்க வேண்டும்’ என்பது. உலகமயத்துக்கு மாற்று என்று ஆரம்பித்து அதன் அலமாரியிலேயே ஒரு தட்டாகிவிட்டதோ என்று சில நேரம் தோன்றும். பச்சைத் துண்டுக்காரர்கள் மேலும் இதே மாதிரி ஒரு விமர்சனம் உண்டு. நிலம் உள்ள சாதியின் சங்கம், கூலிக்காரரின் கூலியைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடும் என்று தலித் இயக்கத்தார் சொன்னார்கள். பொய்யென்று தள்ள முடியாது.

வென்ற இடத்திலும் வேலை முடிவதில்லை. பொலிவியாவில் கோச்சபாம்பா நகரத் தண்ணீர் விநியோகத்தைப் பெக்டெல் என்ற அமெரிக்கக் கம்பெனி சேர்ந்த கூட்டு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். கட்டணம் ஏறியது. 2000 ஏப்ரலில் ஊரே தெருவுக்கு வந்து, ஒரு 17 வயதுப் பையன் சுடப்பட்டு இறந்து, ஒப்பந்தம் ரத்தானது. கம்பெனி நஷ்ட ஈடு கேட்டுச் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போனது. உலகமெங்கும் கிளம்பிய எதிர்ப்பில், 2006இல் வெறும் பெயரளவு காசுக்கு வழக்கை முடித்துக்கொண்டது. ஆனால் தண்ணீர் திரும்பி வந்த நகராட்சி நிறுவனம் பழைய ஊழல், பழைய ஓட்டைக் குழாயோடு அப்படியே இருந்தது. தெற்குப் பகுதி ஏழைகள் வருடக்கணக்கில் லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அங்கே நிஜமாகத் தண்ணீர் கொடுத்தவை, குடியிருப்புக்காரர்கள் தாங்களே கிணறு வெட்டி நடத்திய சின்னச் சின்னத் தண்ணீர்க் கமிட்டிகள்.

வெற்றி எதிர்பாராத இடத்தில் உட்கார்ந்திருப்பதும் உண்டு. விதைப் போராட்டத்தின் அழுத்தம் இருந்ததால், இந்தியா காப்புரிமை விதிக்குக் கட்டுப்பட்டுச் சட்டம் எழுதியபோது, 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. பதிவு செய்த ரகமே ஆனாலும் விவசாயி அதைச் சேமிக்கலாம், மீண்டும் விதைக்கலாம், கை மாற்றலாம், விற்கவும் செய்யலாம்; அந்தக் கம்பெனியின் பிராண்ட் பெயரைப் போட்டு விதையாக மட்டும் விற்கக் கூடாது. பதினெட்டு வருடம் கழித்து, 2019இல், சிப்ஸுக்கான தன் உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் சிலர் மீது பெப்சிகோ தலா 1 கோடிக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. விவசாய அமைப்புகள் இந்தப் பிரிவைத்தான் கையில் எடுத்தன. சில வாரங்களில் கம்பெனி வழக்கைத் திரும்பப் பெற்றது. ரகத்தின் பதிவைப் பற்றிய சண்டை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 2021இல் பதிவு ரத்தானது, 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளிவிட்டது. ஆனால் விதைத்துச் சாப்பிடும் உரிமையைச் சொல்லும் அந்தப் பிரிவு சட்டத்தில் அப்படியே இருக்கிறது. நஞ்சுண்டசாமி 2004இலேயே இறந்துவிட்டார். சாமராஜநகர் மாவட்டத்தில், நம் சத்தியமங்கலம் மலைக்கு அந்தப் பக்கம், அவர் இயக்கத்தின் அமிர்த பூமி மையத்தில் இப்போது ரசாயனம் இல்லாத விவசாயம் சொல்லிக் கொடுக்கிறார்கள். கொளுத்தியவர்கள் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்கள் என்று கேலி செய்பவர்கள் உண்டு. பருத்தியில் இல்லாத ‘அப்போ எதை விதைக்க’ என்ற பதிலைத் தாமதமாகவாவது தேடுகிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

டிரம்ப் விஷயம். வரி என்ற சொல் ஒன்றுதான், பொருள் வேறு. ரைத்த சங்கம், போவேயின் சங்கம், பிரேசிலின் நிலமற்றோர் இயக்கம் எல்லாம் உறுப்பாக இருக்கும் லா வியா கம்பெசினா என்ற உலக விவசாயிகள் கூட்டமைப்பு 1996 முதல் உணவு இறையாண்மை என்று ஒன்றைப் பேசுகிறது. 2007இல் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் நியெலெனி என்ற பெயரில் மாநாடு கூட்டி அதை விரிவாக எழுதினார்கள். தன் விவசாயியைக் காப்பாற்ற ஒரு நாடு வரி போடலாம். அதே நேரம் தன் மானியப் பொருளை அடுத்த நாட்டுச் சந்தையில் கொட்டக் கூடாது. இரண்டாவது பாதி சேர்ந்தால்தான் அது இறையாண்மை. டிரம்ப் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். தன் ஊருக்கு வரிச்சுவர், அடுத்த நாட்டிடம் ‘எங்கள் சோயாவையும் மக்காச்சோளத்தையும் உள்ளே விடு’ என்ற மிரட்டல். உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றத்துக்கு நீதிபதி நியமனத்தை அமெரிக்காவே தடுத்ததில் அது 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது. சியாட்டில் தெருவில் செய்ய முடியாததை வாஷிங்டன் செய்துவிட்டது, ஆனால் சியாட்டில் கேட்ட காரணத்துக்காக இல்லை.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனபோது திருப்பூர் பட்ட பாடு என்னை விட உங்களுக்குத்தான் தெரியும். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவர் போட்ட கையெழுத்துக்கு இங்கே செக்கிங் பிரிவில் வேலை போனது. லார்சாக் ஆட்டுக்காரர் நிலை இதுதான்.

உங்கள் ஊரிலேயே இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாயக் கழிவு நொய்யலில் இறங்கி, 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டி ஆனது. வெளிநாட்டுக் கடையில் மலிவாகத் தொங்கிய டி-ஷர்ட்டின் விலையில் அந்த ஆறு சேரவில்லை. அணைக்குக் கீழே இருந்த ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் வருடக்கணக்கில் வழக்கு நடத்தியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது, எழுநூறுக்கும் மேற்பட்டவை ஒரே அடியில் மூடின. ஊரே சபித்தது. பிறகு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்து, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் சரிசெய்யப்பட்டு, பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. லிட்டருக்கு இவ்வளவு என்று சுத்திகரிப்புச் செலவு சாயக் கூலியில் ஏறியது. ஏற்றுமதி நிற்கவில்லை. இன்று உங்கள் நிறுவனம் வெளிநாட்டு பையருக்கு ‘எங்கள் ஊரில் கழிவுநீர் வெளியேற்றம் பூஜ்யம்’ என்று பெருமையாக அனுப்பும் விளக்கப் படத்தில் இருப்பது அந்த வழக்கின் பலன். அந்த விவசாயிகளைக் கேட்டால் உலகமயமாக்கல் என்ற வார்த்தையே அவர்கள் வாயில் வராது, கிணத்துத் தண்ணி தென்னைக்கே ஆகலை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.